மூன்று செம்புக் கம்பிகள்

மாலதியின் கம்ப்யூட்டர் காலை ஒன்பது மணிக்குச் சரியாகத்தான் கிளம்பும். பத்தரை வரைக்கும் ஒரு குறையும் இருக்காது. அதற்கு மேல் ஒரு எழுத்தைத் தட்டினால், அது திரையில் வந்து விழுவதற்குள் அடுத்த வார்த்தையை யோசித்து முடித்துவிடலாம். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி நின்று நின்று போகும். அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால், மறுபடியும் கொஞ்ச நேரத்துக்கு நன்றாக ஓடும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், குடிகாட்டைத் தாண்டி ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் மாலதியின் வீடு இருந்தது. வாடகை வீடு. முன்னறையில் 'தமிழினி கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு மாட்டி, பயோடேட்டா அடிப்பது, ரிசல்ட் பார்த்துச் சொல்வது, ஆன்லைனில் அப்ளிகேஷன் போடுவது என்று நடத்திவந்தாள். புருஷன் செம்பியன் மஸ்கட்டில் வெல்டர். நான்கு வயது மகள் தமிழினியும் அவளும் மட்டும்தான் வீட்டில். இருந்தது ஒரே ஒரு மெஷின்.

2009 ஆகஸ்டில் அதைப் பார்க்க அறிவுமதி வந்தாள். சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சர்வீஸ் கடை வைத்திருந்தவள். வயது முப்பத்தொன்று. பொம்பளை வந்து கம்ப்யூட்டரைக் கழற்றுகிறாளே என்று பார்க்கிறவர்களை அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

முதல் தடவை அவளுக்கு அது சாதாரண கேஸாகத்தான் தெரிந்தது. ஆன் செய்தவுடன் பத்தொன்பது புரோகிராம்கள் தாமாகவே கிளம்பின. இரண்டு ஆன்ட்டி வைரஸ்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. வந்துபோகிறவர்களின் பென் டிரைவிலிருந்து ஏறிய வைரஸ் வேறு. எல்லாவற்றையும் சுத்தம் செய்து, மெமரியும் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் மாலதி போன் செய்தாள். "அக்கா, திரும்பவும் அதே மாதிரிதான் இழுக்குது."

இரண்டாம் தடவை அறிவுமதி பெட்டியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே பிராசஸருக்கு மேலிருக்கும் ஃபேன் கரகரவென்று பாதி வேகத்தில் சுற்றியது. அது சரியாகச் சுற்றாவிட்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் கருகிப்போகாமல் இருக்க பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புது ஃபேன் மாட்டி, சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, மூன்று நாள் நிறுத்தாமல் ஓடவிட்டாள். ஒரு குறையும் இல்லை. கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தாள்.

ஒன்பதே நாள். மறுபடியும் போன் வந்தது.

மூன்றாம் தடவை அவள் போனது ஒரு வியாழக்கிழமை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகின முட்டை வாடை முகத்தில் அடித்தது. கெமிக்கல் கம்பெனிகள் உள்ள பக்கம். ஏதோ ஒரு வாடை வருவது புதிதில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைத் திருகிக் கழற்றினாள். போன தடவை மாட்டிய புது ஃபேன், பழைய ஃபேனைப் போலவே கரகரத்தது. அதைக் கழற்றி அடியில் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பளபளவென்று இருந்த செம்புப் பகுதி, விளக்குப் புகை படிந்த மாதிரி கறுத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினாள். கறுப்பு பொருக்காக உதிர்ந்தது. மெமரி கார்டின் ஓரத்திலும், ஒயர் முனைகளிலும் அதே கறுப்பு.

தூசி இப்படி இருக்காது. ஈரமும் இப்படி இருக்காது.

"மாலதி, இங்க ஆசிட் எதுனா வெச்சிருக்கியா?"

"பாத்ரூம் கழுவுறது ஒரு பாட்டில் இருக்கு. அதுகூட பின்னாடி இருக்கு. ஏங்க்கா?"

அறிவுமதி எழுந்து கதவு வழியே எட்டிப் பார்த்தாள். உள் அறையில் தமிழினி பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. போன தடவை வந்தபோதும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

"உடம்பு சரியில்லையா பாப்பாவுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. தூக்கம் ஜாஸ்தி. எழுப்பினா தலை வலிக்குதுன்னு சொல்லும், திரும்பப் படுத்துக்கும். தொல்லையே குடுக்காது."

அறிவுமதி பாய் அருகே போய்க் குனிந்தாள். குழந்தையின் காலில் கொலுசு இருந்தது. கரிக்கட்டை மாதிரி.

"இது வெள்ளியா?"

"வெள்ளின்னுதான் குடுத்தாரு. போட்டு ஒரு மாசந்தான் ஆவுது. டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டியான்னு கடைக்காரர்கிட்ட போய் சண்டை போட்டுட்டு வந்தேன்."

அப்போதுதான் அறிவுமதிக்கு உறைத்தது. வாசலில் முகத்தில் அடித்த வாடை இப்போது இல்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"வாடை நின்னுபோச்சா மாலதி?"

"எனக்கு எப்பவோ நின்னுபோச்சுக்கா. வர்றவுங்கதான் நாத்தம் நாத்தம்னு சொல்றாங்க. போன மாசத்துலேருந்து எனக்கு ஒண்ணுமே தெரியல. சரி, விட்டுது சனியன்னு சந்தோசப்பட்டேன்."

அறிவுமதி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். லேபில் ஆசிட் ஊற்றி, முட்டை வாடை வரும் அந்த வாயுவைத் தயாரிக்கும் நாளில் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைக்கச் சொல்வார்கள். அது முதலில் மூக்கைத்தான் செத்துப்போக வைக்கும், வாடை தெரியவில்லை என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை என்று மேடம் திரும்பத் திரும்பச் சொன்னது, பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த அறையில் அவளுக்குக் கேட்டது. செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைப்பதும் அதே வாயுதான்.

ஆனால் வெறும் சந்தேகத்தை வைத்து ஒருத்தியிடம் வீட்டைக் காலி பண்ணு என்று சொல்ல முடியாது. பையிலிருந்து ஒயரை எடுத்து, மூன்று துண்டுகள் வெட்டி, மேலே இருந்த பிளாஸ்டிக்கைச் சீவினாள். உள்ளே செம்பு புதுக்காசு போல மின்னியது. ஒன்றை வாசல் ஜன்னலில் கட்டினாள். ஒன்று கம்ப்யூட்டருக்குப் பின்னால். மூன்றாவது, உள் அறையில் குழந்தை தலைமாட்டுச் சுவரில் இருந்த ஆணியில்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். இதைத் தொடாத. அதுவரைக்கும் பாப்பாவை முன்னறையில படுக்க வை. எல்லா ஜன்னலையும் தெறந்து வை."

"என்னான்னு சொல்லுங்கக்கா. பயமா இருக்கு."

"எனக்கே தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்."

அந்த உள் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தகரம் வேய்ந்த ஒரு செட் இருந்தது. வீட்டுக்காரர் சபாபதியினுடையதுதான் அதுவும். எங்கிருந்தெல்லாமோ காலி டிரம்களை வாங்கி வந்து, கழுவி விற்கிற இடம். பகல் முழுக்க டமடமவென்று டிரம் உருட்டும் சத்தம் கேட்டபடி இருக்கும். அறிவுமதி வேலிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு டிரம்முக்குள் ஏதோ ஊற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தரையில் வெட்டிய குழிக்குள் கவிழ்த்தார். குழி ஆள் உயரத்துக்கு மேல் ஆழம் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் மாலதி வீட்டுச் சுவருக்கு அடியில் போயிற்று.

"ஐயா, அதுல என்னா ஊத்துறீங்க?"

"ஆசிட்டும்மா. ஆசிட் ஊத்துனாத்தான் உள்ள ஒட்டிக்கினு இருக்கிறது வுடும்." அவர் பெயர் ஆண்டி. சிரித்தபடிதான் பேசினார். கண்கள் இரண்டும் சிவந்து நீர் வடிந்தன.

"மூச்சு முட்டலையா உங்களுக்கு?"

"மொதல்ல முட்டுச்சு. இப்பதான் ஒண்ணும் தெரியலியே."

மாலதி சொன்ன அதே வார்த்தை. "குழிகிட்ட போவாதீங்க ஐயா. வேற வேலை எதுனா பாருங்க," என்றாள் அறிவுமதி. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த டிரம்மை உருட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது மாலதி கம்பிகளைத் தொடவில்லை, ஆனால் பார்த்திருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. வாசல் ஜன்னல் கம்பி பழுப்பேறியிருந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தது கறுத்திருந்தது. உள் அறைக் கம்பியை அறிவுமதி விரலால் தேய்த்ததும் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து தரையில் விழுந்தது.

"எட்டு மாசமா இங்கதான் அது தூங்குது," என்றாள் மாலதி.

இருவரும் சபாபதி வீட்டுக்குப் போனார்கள். அவர் கம்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடல் காத்தும்மா. இந்தப் பக்கம் எல்லாமே கறுக்கும். நீ கம்ப்யூட்டரைப் பாக்க வந்தியா, எம்மேல கேஸ் போட வந்தியா?"

"கடல் காத்துல செம்பு பச்சை பூக்கும் சார். இப்படிக் கறுத்து உதிராது. அந்தக் குழியை மூடுங்க. அங்க வேலை செய்யிறவுங்களுக்கு உசுருக்கே ஆபத்து."

"குழி ரொம்பிப்போச்சு, அதான் வாடை. நாளைக்கு ஆளு வுட்டு அள்ளிடுறேன். போங்க."

அறிவுமதிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதை முழுதாக யோசிக்கவில்லை. அவள் மனமெல்லாம் குழந்தை மீதே இருந்தது. இதைப் பிற்பாடு அவள் பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

அன்றைக்கே தமிழினியைக் கிள்ளையில் மாலதியின் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை ஒரு மினி லாரி வந்தது. அறிவுமதி கடையைப் பூட்டிவிட்டு உதவிக்கு வந்திருந்தாள். பீரோவை ஏற்றினார்கள். மானிட்டரைப் போர்வையில் சுற்றினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் சத்தமும், ஆண்டி யாரையோ அதட்டும் குரலும் கேட்டபடி இருந்தன.

அப்புறம் கேட்கவில்லை.

மாலதி பாத்திரக் கூடையோடு நின்றாள். "சாப்பிடப் போயிட்டாங்களாட்டம் இருக்கு," என்றாள்.

அறிவுமதி மணி பார்த்தாள். பத்தே முக்கால். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள்.

செட்டுக்குள் குழியின் மூடி திறந்து கிடந்தது. ஒரு மண்வெட்டியும் வாளியும் ஓரத்தில் இருந்தன. குழிக்குள் ஆண்டி முகங்குப்புறக் கிடந்தார். சேற்றுக்கு மேல் முதுகு மட்டும் தெரிந்தது. விளிம்பில் ஒரு ஆள் ஏணியில் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தான். ஆண்டியின் மச்சான் பாண்டியன்.

"இறங்காதீங்க!" அறிவுமதி அவன் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பற்றினாள். "இறங்குனா நீங்களும் மேல வர மாட்டீங்க!"

"உடும்மா! என் அக்கா புருஷன்! இப்பதான் வுழுந்தாரு, தூக்கிடுறேன்!"

"ஒரு மூச்சு போதும். சத்தியமா சொல்றேன், ஒரே மூச்சு போதும்."

அவன் முழங்கையால் அவள் முகத்தில் இடித்தான். உதடு கிழிந்தது. அவள் விடவில்லை. மாலதியும் வந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சேர்ந்து பின்னால் விழுந்தார்கள். அங்கே வாடையே இல்லை என்பதுதான் அறிவுமதியை எல்லாவற்றையும்விட அதிகமாக நடுங்க வைத்தது. இருவரையும் இழுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து ஃபயர் சர்வீஸுக்குப் போன் செய்தாள்.

லாரி டிரைவர் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு ஓடிப்போய், விளிம்பிலிருந்து கயிற்றில் கொக்கியைக் கட்டி வீசிப் பார்த்தார். வேட்டியில் மாட்டியது, கிழிந்து வந்துவிட்டது. இரண்டாம் முறை மாட்டவில்லை. அவருக்கே தலை சுற்ற, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். பாண்டியன் மண்ணில் உட்கார்ந்து "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முதலில் கத்தினான். பிறகு பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுவது போல மெதுவாக. முப்பத்தைந்து நிமிஷம் கழித்து, முகமூடியும் முதுகில் சிலிண்டருமாக ஃபயர் சர்வீஸ்காரர்கள் இறங்கித் தூக்கினார்கள். ஆண்டி எப்போதோ இறந்திருந்தார்.

ஸ்டேஷனில், பழைய கிணற்றைத் தூர் வாரச் சொன்னதாகச் சபாபதி எழுதிக் கொடுத்தார். அறிவுமதி மூன்று கம்பிகளையும் மேஜைமேல் வைத்து, எது எங்கே கட்டியிருந்தது, எத்தனை நாள் இருந்தது என்று சொன்னாள். எஸ்.ஐ. அவற்றை ஒரு கவரில் போட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது பாண்டியன் நின்றிருந்தான். அவள் உதட்டைப் பார்த்தான்.

"நீங்க புடிச்ச எடம் இன்னும் வலிக்குதும்மா," என்றான். நன்றி சொல்கிறானா, குற்றம் சொல்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

செட்டுக்குச் சீல் வைத்தார்கள். கேஸ் வாய்தாவில் போனது. கைதான சபாபதி பத்து நாளில் ஜாமீனில் வெளியே வந்தார். மாலதி சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் மறுபடியும் போர்டு மாட்டினாள். புது மதர்போர்டு போட்டபின் மெஷின் ஒழுங்காக ஓடியது. தமிழினியின் தலைவலி இரண்டு மாதத்தில் விட்டது. பகலில் விளையாட ஆரம்பித்தாள். ஆனால் வாசனை மட்டும் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. மல்லிகைப் பூவை மூக்கருகே வைத்தால் அம்மா முகத்தைப் பார்ப்பாள். போகப்போகச் சரியாகும் என்றார் டாக்டர். எப்போது என்று சொல்லவில்லை.

நவம்பரில், மழை பிடித்திருந்த ஒரு நாள், ஒரு வேலையாகக் கடலூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள் அறிவுமதி. சாலையிலிருந்தே அந்த வீடு தெரியும். செட்டின் தகரக் கதவில் சீல் அப்படியே இருந்தது. கூரைக்கு மேல் வரை அடுக்கிய டிரம்களை யாரும் எடுக்கவில்லை. குழி மூடப்பட்டதா என்று இங்கிருந்து தெரியவில்லை. மழைத் தண்ணீர் வேலிக்கு உள்ளே குளம் போல் நின்றது.

மாலதி இருந்த வீட்டின் ஜன்னலில் புதுத் திரைச்சீலை ஆடியது. வாசல் தாழ்வாரத்தில், மழைக்கு ஒதுக்கிக் கட்டிய கொடியில், ஈரத் துணிகள். அவற்றில் பாதி கைக்குழந்தையின் துணிகள்.

"ஸ்டாப்பிங் இருக்கா, இறங்கணும்," என்றாள் அறிவுமதி.

"இங்க நிக்காதும்மா. அடுத்த ஸ்டாப்பிங்தான்," என்றார் கண்டக்டர்.

அடுத்த நிறுத்தம் ஒரு கிலோமீட்டர் தள்ளி. இறங்கி, குடையில்லாமல், வந்த வழியே வேகமாகத் திரும்பி நடந்தாள்.