சாமிக்கண்ணு பேரில் ஒரு ரிப்போர்ட்

விருத்தாசலத்தில் செராமிக் யூனிட் வைத்திருந்த கொளஞ்சிநாதனுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லையென்று மனைவி பூர்ணிமாவை நாலு டாக்டர்களிடம் காட்டியாயிற்று. ஐந்தாவது டாக்டர்தான் இவர் பக்கம் திரும்பினார்.

"சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா? சிகரெட்டு உண்டா? சூளைகிட்ட எவ்ளோ நேரம் நிப்பீங்க? அந்தச் சூடும் ஆகாதுங்க. எதுனாலன்னு தெரியணும்னா மொதல்ல விந்து டெஸ்ட்டு."

கொளஞ்சிநாதனுக்குச் சந்தேகம். சூடுதான் காரணமென்றால் சூளைக்குத் தீப்போடும் சாமிக்கண்ணுவுக்கு மூன்று பிள்ளைகள் எப்படி? டாக்டருக்கு லேபில் கமிஷன் இருக்கும். லேபுக்காரர்கள் ஊர் பூராவும் சொல்லிவிடுவார்கள். கடைசியில் லேபுக்குப் போய் டப்பாவை நீட்டியபோது, பேர் கேட்ட பெண்ணிடம், மனதில் ஓடிக்கொண்டிருந்த பேரையே சொல்லிவிட்டார்: சாமிக்கண்ணு.

அசல் சாமிக்கண்ணு அதே வாரம் அதே லேபில் சர்க்கரைக்குச் சிறுநீர் கொடுத்திருந்தார். லேப் பெண் இரண்டு காகிதத்தையும் அவரிடமே கொடுத்தாள்.

மறுநாள் அவர் முதலாளி முன்னால் வந்து நின்றார்.

"சக்கரை இல்லீங்க. ஆனா உயிரணுவே இல்லியாம். இத வச்சிக்கிட்டு கொழந்த பொறக்காதாம். அப்ப எங்கூட்டுல இருக்கற மூணும் யாருதுங்க?"

"தப்பா அடிச்சிருப்பான்யா."

"கம்ப்யூட்டர்ல அடிச்சிருக்குதுங்க." சாமிக்கண்ணு முதலாளியின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "கடக்குட்டி நல்ல செவப்புங்க. நம்ம யூனிட்டுல செவப்பு நீங்க ஒருத்தருதான்."

சொல்ல வெட்கம்தான், கொளஞ்சிநாதனுக்கு ஒரு கணம் மார்பு விரிந்தது. ஏழு வருடத்தில் யாரும் அவர்மேல் இப்படியொரு நம்பிக்கை வைத்ததில்லை.

"எம் பொண்டாட்டி கனகாவ இன்னிக்கே சேத்தியாத்தோப்புல அவ அம்மா வூட்டுல வுட்டுட்டு வந்துர்றேங்க."

விரிந்த மார்பு அடங்கியது.

"இருய்யா. அது என் ரிப்போர்ட்டு. உம் பேரச் சொல்லி நான்தான் குடுத்தேன்."

சாமிக்கண்ணு நம்பவில்லை. "எம் பொண்டாட்டியக் காப்பாத்த நீங்க எதுக்குங்க இவ்ளோ பெரிய பொய் சொல்றீங்க?"

"வேற என்னதான்யா செய்யச் சொல்ற?"

"ரெண்டு பேரும் போயி புதுசா குடுப்போம். பேரு சொல்றப்ப நான் பக்கத்துல நிப்பேன்."

லேபில் நல்ல கூட்டம். பெஞ்சில் பூர்ணிமாவின் சித்தப்பா ஆதிநாராயணன் வேறு, ஊசி குத்திய கையை மடக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

"பேரு?" என்றாள் லேப் பெண்.

கொளஞ்சிநாதன் வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"எனக்கே காதுல வுழலங்க," என்றார் சாமிக்கண்ணு.

கொளஞ்சிநாதன் தன் பேரை, அப்பா பேரோடும் யூனிட் விலாசத்தோடும் உரக்கச் சொன்னார். ஆதிநாராயணனின் கை தானாக விரிந்தது. சாமிக்கண்ணு மட்டும் எட்டிப் பார்த்து, "எழுதிக்கிட்டியாம்மா?" என்றார்.