முகம் பாராத பயிற்சியாளர்

"மூட்டு தேஞ்சு போச்சுன்னு டாக்டரே எழுதிட்டார், சொல்லு அவகிட்ட..."

"டாக்டரா வந்து ஸ்க்ரம்ல தள்ளப் போறார்? கேளு அவர்கிட்ட..."

"நான் பேசி முடிக்கறதுக்குள்ள என்ன பேச்சுன்னு கேளு!"

"ஆறு வருஷமா அவர் பேசி நான் கேட்டாச்சுன்னு சொல்லு!"

நடுவில் நின்ற உனைசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல? அப்புறம் நான் எதுக்கு இங்க, தபால் பெட்டியா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் மெரே என்கிற மெரெவலெசியும் அபெனிஸாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அவர்கள் தீவில், வயதுக்கு வந்த பின் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அத்தை மகளிடம் மட்டும் எதையும் பேசலாம், கேலியும் செய்யலாம். உனைசி இருவருக்கும் அத்தை மகள். ஆகவே ஃபிஜி பெண்கள் ரக்பி அணியில் பயிற்சியாளரான அண்ணனுக்கும், ஸ்க்ரமின் முன் வரிசையில் தள்ளும் மூன்றாம் எண் ஆட்டக்காரியான தங்கைக்கும் நடுவே ஆறு வருடங்களாக அவள் வாய்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தலைநகர் சுவாவில் காலையிலிருந்தே தூறல். சனிக்கிழமை சமோவாவுடன் ஆட்டம். ஜெயித்தால் உலகக் கோப்பைக்குப் போகலாம். பட்டியலில் மெரேயின் பெயர் இல்லை. அந்த இடத்தில் லைசனி என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் பெயர் இருந்தது.

"நல்ல பொண்ணுதான். ஆனா சமோவாக்காரி மூச்சு விட்டாலே பின்னால போயிடுவா, சொல்லு."

"முப்பத்து மூணு வயசுல கௌரவமா ஓய்வு எடுத்துக்கச் சொல்லு. மாலை போட்டு அனுப்பி வைக்கறோம்."

"மாலையைப் பொணத்துக்குப் போடச் சொல்லு!"

"மதினி, இதை அப்படியே சொல்லணுமா, கொஞ்சம் காரம் குறைச்சுச் சொல்லவா?"

"அப்படியே சொல்லுடி."

"அத்தான், மாலை உங்க கழுத்துக்குத்தான் எடுப்பா இருக்குமாம்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். மெரே சிரிக்கவில்லை. லெவுகா மீன் ஆலையில் பெட்டி தூக்கிக்கொண்டே, ஆண்கள் கழித்துப்போட்ட சட்டை முழங்கால் வரை தொங்க ஆட வந்தவள். நாட்டுக்காக இருபத்தொன்பது ஆட்டங்கள் ஆடியாயிற்று. ஸ்க்ரமில் உரசி உரசிக் காது இரண்டும் பணியாரமாக வீங்கிக் காய்ந்துபோயின. "இவளை எவன் கட்டுவான்?" என்று கேட்ட ஊர், வானொலியில் பேர் வந்ததும் "எங்க பொண்ணு" என்றது. அந்த இடத்தை யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை. தள்ளித் தள்ளி வாங்கியது.

"தள்ளியே பாத்துருவோம்," என்றாள். "லைசனி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மூணு தடவை. ஒரு தடவை நான் பின்னால போனாலும் பூட்ஸைக் கழட்டிடறேன்."

ஸ்க்ரமுக்காகப் பக்கத்துக்கு எட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்தார்கள். முதல் தள்ளலில் லைசனியின் பக்கம் சேற்றில் நான்கடி சறுக்கியது. இரண்டாவதில் ஆறடி. மூன்றாவதில் லைசனியே எழுந்து உட்கார்ந்து, "போதும்க்கா, என் கழுத்து எனக்கு வேணும்," என்றாள்.

மெரே வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். அபெனிஸா முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

"உனைசி," என்றார், திரும்பாமலே. "யார் பக்கம் பின்னால போச்சு?"

ஸ்க்ரமில் மெரேயின் கண் எப்போதும் தரையில். அவர் எங்கே பார்க்கிறார் என்று ஒருநாளும் கண்டதில்லை.

"எப்பவுமே இப்படித் திரும்பித்தான் நிப்பாராடி?" என்றாள் உனைசியிடம்.

உனைசியின் கேலியெல்லாம் எங்கோ போய்விட்டது. "எப்பவுமேதான் மதினி. நான் சொல்றதை எழுதிக்குவார். வீடியோல நீங்க குனிஞ்சா டீ குடிக்க எழுந்து போயிடுவார்."

"அது நான் அவளுக்குக் குடுக்கற மரியாதைன்னு சொல்லு," என்றார் அபெனிஸா. அவர் குரல் இறங்கியிருந்தது. "தங்கச்சியை அரை டவுசர்ல நிறுத்தி வேடிக்கை பாக்கறியான்னு ஊர்ல பெரியவங்க கேக்கறாங்க. போன வாரம் சர்ச் வாசல்லயே கேட்டாங்க. எத்தனை நாளைக்குத் தாங்கறது, கேளு அவகிட்ட."

"அப்போ மூட்டு இல்ல காரணம்."

உனைசி அதைச் சொல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்ல வேண்டாம்," என்றாள் மெரே.

அவள் நடந்தாள். அவரைச் சுற்றிக்கொண்டு போய், அவருக்கும் கடலுக்கும் நடுவே, சேறு வடிய நின்றாள். பெண்களில் ஒருத்தி "அம்மாடி!" என்று வாயைப் பொத்தினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணா, சனிக்கிழமை மூணாம் நம்பர் யாரு? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."