சக்கரம் பிடிக்க ஓர் ஆள்

"ஹைட்ராலிக்தான் போட்டிருக்கணும்" என்றார் பாலசுப்ரமணியன்.

வரதன் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். மேலே போட்ட மாலை இன்னும் வாடவில்லை. வாசல் ஷாமியானாவுக்குக் கீழே, பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய நண்பர்கள் இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தார்கள்.

"பேட்டரியைக் குடிச்சிடும்யா அது. சக்கரத்துல மாட்டற சின்ன பைலட் போதும்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் ராஜாராம்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பிரபாவதிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இருவரும் வரதனோடு கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, அவள் போட்ட வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டே இதைத்தான் பேசினார்கள். இன்று பஜ்ஜி இல்லை, பேச்சில் மட்டும் ஒரு குறையும் இல்லை. வெட்கங்கெட்ட ஜன்மங்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் ஒரு படகால் வந்தது. பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரன் பாதிப் பயணத்தில் அலுத்துப்போய்க் கைவிட்ட கேட்டமரானை, ஓய்வு பெற்ற கையோடு வரதன் வாங்கினார். சேர்த்துப் பிணைத்த இரட்டைப் படகு, ஒரு பாய்மரம், திருப்புவதற்கு ஒரு சக்கரம், உள்ளே இரண்டு படுக்கை. சதுரங்கப்பட்டினத்துக் கழிமுகத்தில் அதை நிறுத்திவிட்டு முதல் நாளே அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"அந்தமான் வரைக்கும் போகலாம் பிரபா. பாயை நான் பாத்துக்கறேன். நீ சக்கரத்தை மட்டும் பிடிச்சிக்கிட்டா போதும்."

"அதுக்கெல்லாம் வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, படகில் கால்கூட வைக்காமல் அவள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மனுஷர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். இரண்டாவது முறை கேட்கவில்லை. மறுநாளே பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கத்தை கத்தையாய்க் காகிதம் எடுத்துக்கொண்டு வந்தார். ஆட்டோபைலட்டாம். ஆள் இல்லாமல் சக்கரத்தைத் தானே திருப்புமாம்.

"எந்தத் திசைன்னு ஒரு தடவை சொல்லிட்டா போதும். படகு ஒரு பக்கம் இழுக்கும், இது திருப்பும். மறுபடி இழுக்கும், மறுபடி திருப்பும். ராப்பகல் தூங்காது" என்று அவளுக்கு விளக்கினார்.

"இதைத்தான் முப்பது வருஷமா இந்த வீட்டுல நான் பண்ணிக்கிட்டிருக்கேன். எனக்குக் கரண்ட்கூட வேணாம்."

அவர் சிரித்தார். சிரித்தாரே ஒழிய எதையும் வாங்கவில்லை. சின்னது பெரிய அலையில் வழுக்கும், பெரியது பேட்டரியைத் தீர்த்துவிடும், நடுவாந்திரமாக ஒன்று இருந்தது, அதற்கு ரிப்பேர் பார்க்க இந்த ஊரில் ஆள் கிடையாது. ஒன்றை நிச்சயம் பண்ணி, சக்கரத்துக்குப் பக்கத்தில் அதற்கான துளை போட்டுவிட்டு வருவார். அடுத்த ஞாயிறு பஜ்ஜி தின்ன வந்தவர்கள் குட்டையைக் குழப்புவார்கள். திங்கட்கிழமை போய் எம்சீல் வைத்துத் துளையை அடைத்துவிட்டு வருவார். அணு உலையின் கண்ட்ரோல் ரூமில் நொடியில் முடிவெடுத்த மனிதர் என்று டவுன்ஷிப்பில் அவருக்குப் பெயர். பிரபாவதிக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்புத்தான் வரும். கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று கேட்டால் மார்க்கெட்டில் அரைமணி நேரம் நிற்கிற ஆசாமி அவர்.

நேற்று ராத்திரியும் சாப்பாட்டு மேஜையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நீயே சொல்லு, இதுவா அதுவா?" என்றார்.

"எதையாவது வாங்கித் தொலைங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அரைமணியில தலையாட்டினீங்க. ஒரு மிஷினுக்கு நாலு வருஷமா?"

"அப்ப என் கையில யாரும் கேட்லாக் குடுக்கலையே" என்றார்.

காலையில் வாக்கிங் போக ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

"கொடுத்து வெச்ச மகராசன். யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்காம போய்ச் சேர்ந்துட்டார்" என்று எதிர் பிளாக் சம்பூர்ணம் மூக்கைச் சிந்தினாள். பிரபாவதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

பெங்களூரிலிருந்து மகன் ரோஹித் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கடைசியா எதைம்மா முடிவு பண்ணினாரு?"

"எதை?"

"ஆட்டோபைலட்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அவனை ஓர் அறை விட்டிருக்கலாம். "போய் ஆகவேண்டியதைப் பாரு" என்றாள்.

அன்று சாயங்காலமே தகனம் முடிந்தது. மறுநாள் காலை சாம்பல் கரைக்க அந்தப் படகிலேயே போவது என்று ராஜாராம் ஏற்பாடு செய்தார். கல்யாண வீடானால் மாப்பிள்ளை, சாவு வீடானால் பிணம், அப்படி ஒரு சுபாவம் அவருக்கு. "லேடீஸ் கரையிலேயே இருக்கட்டும்" என்பதும் அவருடைய ஏற்பாடுதான். பிரபாவதி தலையாட்டினாள். நாலு வருஷமாகக் கால் வைக்காத படகில் இன்றைக்கு மட்டும் அவளுக்கு என்ன வேலை?

கழிமுகத்தில் முட்டளவுத் தண்ணீரில் படகு நின்றது. அதைப் பார்த்துக்கொள்ளும் மீனவர் எத்திராஜ் ஏற்கெனவே மேலே இருந்தார். ரோஹித் கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினான். நண்பர்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"இஞ்சின்ல தண்ணி பூந்துகீது சார். பாயிலதான் போவணும்" என்றார் எத்திராஜ். "நான் முன்னால பாய இஸ்த்துகினு நிக்கணும். யாராச்சும் சக்கரத்த புடிங்க."

ரோஹித் கையில் அப்பா இருந்தார், அவனைக் கேட்க முடியாது. பாலசுப்ரமணியன் ராஜாராமைப் பார்த்தார். ராஜாராம் பாலசுப்ரமணியனைப் பார்த்தார்.

"எனக்குக் கழுத்துல ஸ்பாண்டிலோசிஸ்" என்றார் பாலசுப்ரமணியன்.

"எனக்கு இதுல தியரிதான். பிராக்டிகலா தொட்டதில்லை" என்றார் ராஜாராம்.

"அப்ப சாரு கூட ஒரு தபா கூட நீங்க வந்ததில்லையா?" எத்திராஜ் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

கரையில் நின்ற பிரபாவதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தின்ற பஜ்ஜியெல்லாம் எங்கே போயிற்று என்று இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. செருப்பைக் கழற்றினாள். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"மேடம், நீங்க எதுக்கு..." என்று ராஜாராம் ஆரம்பித்தார்.

"வழியை விடுங்க."

அவள் சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். அதன் பக்கத்தில் எம்சீல் வைத்து அடைத்த துளைகள் மூன்று வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் சுரண்டித் தேய்த்து, வழவழவென்று ஆக்கி, வெள்ளைப் பெயிண்ட் வேறு தொட்டு வைத்திருந்தார். இதற்கெல்லாம் மனுஷருக்கு நேரம் இருந்தது.

"கரைய முதுவாண்ட வெச்சிக்கோமா. மூஞ்சி நேரா போவட்டும்" என்று எத்திராஜ் முன்னாலிருந்து கத்தினார்.

பாய் படபடத்துப் புடைத்தது. முதல் அலை வந்ததும் நண்பர்கள் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது அலையில் பாலசுப்ரமணியன் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். பிரபாவதி திரும்பிப் பார்க்கவில்லை. அலைகளைத் தாண்டித் தண்ணீர் கறுத்த இடத்தில் எத்திராஜ் பாயைத் தளர்த்தினார். ரோஹித் குனிந்து கலயத்தைத் தண்ணீரில் விட்டான். அது கொஞ்சம் மிதந்தது, சாய்ந்தது, போய்விட்டது.

"திரும்பலாமா?" என்றாள்.

"அதோ கல்பாக்கம் பொகபோக்கி தெரியுதில்ல? அத பாத்துகினே வாமா."

தெரிந்தது. அதன் அடியில்தான் அவர் முப்பது வருஷம் வேலை பார்த்தார்.

"இவ்வளவுதானா இதுல வேலை?" என்று கேட்டாள்.

"இவ்ளோதாம்மா."

ரோஹித் ஈர வேஷ்டியோடு அவள் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, குடும்மா, நான் பிடிச்சிக்கறேன்" என்றான்.

"நீ போய் உட்காரு."

அவன் போய் உட்கார்ந்தான். படகு இடது பக்கம் இழுத்தது. அவள் சக்கரத்தைத் திருப்பினாள். மறுபடி இழுத்தது. மறுபடி திருப்பினாள்.