பன்னிரண்டாவது வில்லை

திருவொற்றியூரில் காலி டிரம் கழுவும் அந்தக் கொட்டகையில் வெயில் ஏறினால் ராஜாத்திக்குத் தரை மெல்லத் தள்ளாடும். டிரம்முக்குள் ஒட்டிக்கிடக்கும் பெயின்ட் தின்னர் வாடை இனிப்பாக மூக்கில் ஏறும். நீல டிரம்கள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டுக் கிளம்பி, முகத்துவாரத்துப் படகுகள் மாதிரி அசையும். பயமாக இராது, அப்படியே தூங்கிப்போனால் தேவலை என்றிருக்கும். போன மாதம் இரண்டு தரம் விழுந்தாள்.

காற்றிலுள்ள நஞ்சை அளக்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து ஜெயஸ்ரீ இன்று மறுபடி வந்திருந்தாள். போன வாரம் அங்கே வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களுக்கும் ரவிக்கைக் கழுத்தோரம் ஆளுக்கொரு அளவு வில்லையைக் குத்திவிட்டுப் போனவள். வேலை முடியும்வரை வில்லை ஆவியைக் குடிக்கும். குடித்த அளவைப் பார்த்துத்தான் கொட்டகைக்குப் புகைபோக்கி விசிறி வைக்கச் சொல்லி உத்தரவு வரும்.

"பதினொரு வில்லையில கருவிக்குப் பிடிபடற அளவுகூட இல்லக்கா. உங்களுது மட்டும் வரம்பப்போல எட்டு மடங்கு. ஒண்ணு மட்டும் இப்படித் தனியா நின்னா, தப்பு அளவுன்னு கணக்குல ஒதுக்கிடுவாங்க. மிச்சத்த வெச்சுப் பாத்தா இது நல்ல எடம்," என்றாள் ராஜாத்தியிடம்.

"நல்ல எடமா? அப்ப உங்க ஆபீசர இங்க குடிவரச் சொல்லு," என்றாள் டிரம் உருட்டிக்கொண்டிருந்த ஜீனத்.

ராஜாத்தி சிரிக்கவில்லை. கனவில் யாரோ உலுக்கியது போலிருந்தது. விசிறி கைவிட்டுப் போகிறது; போக்கியவள் அவளே.

"நான்தாம்மா கெடுத்தேன். வெல ஜாஸ்தி, அழுக்காக்கிட்டா நம்ம தலையில கட்டிடுவானுங்கோன்னு அல்லாத்துக்கும் பாலித்தீன் கவர் மாட்டி நூல் சுத்திட்டேன். எனக்குத்தான் கவர் பத்தல."

"புதுப் போனுக்குப் போட்றாப்ல போட்டுச்சு," என்றாள் ஜீனத்.

ஜெயஸ்ரீ கையிலிருந்த அளவுத் தாளில் பதினொரு எண்களையும் அடித்தாள்.

"அப்ப ஒதுக்க வேண்டியது உங்களுத இல்லக்கா. அந்தப் பதினொண்ணத்தான். ஆனா ஒரே ஒரு அளவ நம்பி உத்தரவு போட மாட்டாங்க. மறுபடியும் ஒரு நாள் முழுக்க அளக்கணும்."

"அதே வேலையா?" என்றாள் ராஜாத்தி.

"அதே வேலைதான். அதே காத்து."

மறுநாள் காலையில் புது வில்லைகளை ராஜாத்தியே குத்திவிட்டாள்.

"அழுக்காயிடும்க்கா," என்றாள் ஜீனத்.

"ஆவட்டும்டி. நல்லாக் குடிக்கட்டும்."

ஜீனத் மூச்சை இழுத்துக்கொண்டு முதல் டிரம்முக்குள் தலையை விட்டாள்.