பைப்படியில் ஓர் அரசு

கொட்டாஞ்சேனையில் 'தோட்டம்' எனப்படும் அந்த நெருக்கமான குடியிருப்பின் இருபத்தாறு வீடுகளுக்கும் ஒரே தண்ணீர்ப் பைப். காலை ஐந்துக்கு வரும், ஏழுக்கு நின்றுவிடும். வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, வாளிகள்தாம் நிற்கும். தேயிலைக் கிட்டங்கியில் கூலிக்குப் போகும் ராக்கம்மா அவற்றை ஒழுங்கு பார்ப்பாள்.

அன்று, அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் 'நானா' என்றழைக்கும் லேஸ் வியாபாரி ஸவாஹிர் முன்வரிசையில் இரண்டு வாளி வைத்திருந்தார். ராக்கம்மா ஒன்றைத் தூக்கிக் கடைசியில் வைத்தாள்.

"மொத வாட்டிக்கு வீட்டுக்கு ஒண்ணுதான், நானா."

"ஒனக்கு ஆரு இந்த அதிகாரத்த தந்த? கவர்னரா?"

"நீங்கதான். போன வருசம் இங்க சண்டையில ஒங்க மண்ட ஒடஞ்சப்ப, எல்லாருமாக் கூடி என்னைய வச்சீங்க."

பேரம் பேசாமல் எதையும் வாங்கியறியாத ஸவாஹிருக்கு, கொடுத்த அதிகாரத்தைத் திருப்பி எடுத்தால் லாபம் என்று தோன்றிற்று. "அப்ப நான் விலகிட்டன். இனி ஒன்ட சட்டம் எனக்கில்ல."

"சரி நானா" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் அவரே முதலில் வந்து வாளியை வைத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலுசாமி அதைக் காலால் ஒதுக்கினான்.

"இது அநியாயம் வேலுசாமி."

"சட்டந்தான் ஒங்களுக்கு இல்லியே நானா. வாங்க, பலத்தப் பாத்துக்குவோம்."

ஸவாஹிரின் பலமெல்லாம் நாக்கில். பைப் நின்றபோது அரை வாளிதான் தேறியது. அடுத்த நாளும் அப்படியே.

அன்று மாலை மகள் லுத்பியாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போடச் சொன்னார் டாக்டர். இருந்த தண்ணீர் விடிவதற்குள் தீர்ந்துபோயிற்று. ஐந்து மணிக்கு ஸவாஹிர் வந்து, எல்லோருக்கும் பின்னால் வாளியை வைத்தார்.

ராக்கம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். "வீட்டுல யாருக்கு?"

"புள்ளைக்கு. காய்ச்சல்."

வாளியைக் கொண்டுபோய்ப் பைப்பின் கீழ் வைத்தாள். "நோய் வீட்டுக்குத்தான் மொதத் தண்ணி." வேலுசாமி விலகினான். நிறைந்த வாளியை வீடுவரை சுமந்தவனும் அவனே.

"நான்தான் விலகிட்டனே, ராக்கம்மா."

"நீங்க எங்கள விட்டீங்க. நாங்க ஒங்கள விடலியே."

காய்ச்சல் கண்ட நான்காம் நாள் அது இறங்கியது. ஸவாஹிர் பைப்படிக்கு வந்து, எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"அல்லா ஒங்க எல்லாருக்கும் பரக்கத் செய்யட்டும். ராக்கம்மா பெரிய ஆளெண்டு நாம அவக்கு அடங்கல்ல. பலமில்லாதவன்ட வீட்டுக்கும் தண்ணி போகோணுமெண்டு நாமளே சேந்து குடுத்த அதிகாரம் அது. அதுக்கு அடங்கிறது அடிமைத்தனமில்ல; ஒருத்தருக்கொருத்தர் காவல் நிக்கிறதுதான்."