நத்தைக்குச் சிங்களத்தில் என்ன?

நத்தைக்குத் தோற்கிற ஆள் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வெள்ளவத்தையில் அன்னபாக்கியம் ரீச்சர் என்றால் இன்றைக்கும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மக்கீன் நானா வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நானும் என் மனுஷன் நமசிவாயமும் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அறை கொடுக்க அப்போது எல்லோருக்கும் பயம். கொடுத்தால் பொலிஸில் பதிய வேண்டும். பதிந்தாலும் செக்கிங் என்று வந்து கதவைத் தட்டுவார்கள். தட்டினால் மக்கீன் நானாதான் கொம்பனித்தெருவில் இருந்த தன் கடையை விட்டுவிட்டு ஓடிவந்து எங்களுக்காகச் சிங்களத்தில் கதைக்க வேண்டும். என் சிங்களம் மரக்கறிக் கடைக்குப் போதும், பொலிஸுக்குப் போதாது. என் மனுஷனோ சிங்களத்தில் வாயே திறக்கமாட்டார்.

தெரியாமல் இல்லை. குருநாகலில் கந்தோர் வேலை பார்த்தவர். சிங்களத்தில் பகிடி விட்டே கந்தோரைச் சிரிக்கவைத்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வீட்டைக் கொளுத்த வந்தவர்கள் வாசலில் நின்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "நமசிவாயம் மஹத்தயா, எளியட்ட எண்ட." வெளியே வாருங்கள் ஐயா என்று, மரியாதையாகத்தான். எல்லாம் அவருக்குத் தெரிந்த குரல்கள். நாங்கள் பின்மதிலால் ஏறிக் குதித்துத் தப்பினோம். அன்றோடு அந்தப் பாஷையை அவர் பூட்டி வைத்துவிட்டார். நானும் ஒருநாளும் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

மக்கீன் நானாவும் அவர் மனைவி றஸ்மியாவும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். போவதற்கு முன் றஸ்மியா என்னை முன் ஹோலுக்குக் கூப்பிட்டாள்.

"டீச்சர், மனசுல வெச்சுக்காதீங்க. நானாக்கு சீனி வருத்தம் கூடிட்டு. ஒவ்வொரு செக்கிங்குக்கும் ஓடி வர அவரால ஏலாது. அறைய கம்பனி ஒண்டுக்குக் குடுங்க எண்டு மகன் சொல்றான். போய்ட்டு வந்து பேசுவம். அது வரைக்கும் வீட்டையும் இந்தத் தொட்டியையும் பாத்துக்கங்க."

தொட்டி என்றது அவளுடைய மீன் தொட்டியை. ஹோலின் ஒரு பக்கச் சுவர் முழுக்க அதுதான். நாடாபோல நீண்ட புல், கபில இலைச் செடிகள், அவற்றுக்கிடையே சிறுசிறு மீன்கள். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போன பிறகு அவள் அதோடுதான் பொழுதைப் போக்கினாள்.

நான் உடனே கணக்குப் போட்டேன். மீன் தொட்டியைப் பளிங்குபோல வைத்துக் கொடுத்தால் இந்த மனுஷிக்கு எங்களை அறையை விட்டு எழுப்ப மனம் வராது. எழுப்பினால் போக இடமில்லை. கொட்டாஞ்சேனையில் ஏறி இறங்காத படி இல்லை, பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள். ஆகவே தொட்டிதான் அறை, அறைதான் தொட்டி.

அங்கேதான் பிழை விட்டேன். பார்த்துக்கொண்டால் மட்டும் போதாது, திரும்பி வரும்போது இன்னும் வடிவாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளைக்கு ரியூஷன் கொடுத்துவிட்டு வரும் வழியில், வளர்ப்பு மீன் விற்கிற கடையில் ஒரு கட்டுச் செடி வாங்கிவந்து வெறுமையாகக் கிடந்த மூலையில் நட்டேன். கழுவாமல் நட்டேன். இலையின் கீழே சளிபோல ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் முட்டை என்று எனக்கு யார் சொல்வது?

மீனுக்குச் சாப்பாடும் அப்படித்தான். எங்கள் வீட்டில் வந்த ஆளுக்கு "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிப் போட்டுத்தான் பழக்கம். மீன்கள் வாயை வாயைத் திறந்தால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? காலையில் போட்டேன், மத்தியானம் போட்டேன், விளக்கு வைக்கும் நேரத்திலும் போட்டேன்.

"இஞ்சரும், கண்ணாடியில என்ன புள்ளி புள்ளியா?" என்று ஒருநாள் என் மனுஷன் கேட்டார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். புள்ளி நகர்ந்தது.

அதன் பிறகு எங்கே பார்த்தாலும் நத்தை. கண்ணாடியில், புல்லில், கல்லில், தண்ணீர் வடிக்கிற குழாய்க்குள். கபில இலைகளில் ஓட்டை விழுந்தது. கையை விட்டுப் பொறுக்கினேன். பொறுக்க ஒரு மடங்கு, அடுத்த நாள் இரண்டு மடங்கு. "நசிச்சு விடுங்கோ" என்றால் இவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "வெள்ளிக்கிழமையில என்னை உயிர்க்கொலை செய்யச் சொல்லுறீரோ?" என்றார்.

"நத்தைக்கும் வெள்ளிக்கிழமையோ? அப்ப சனிக்கிழமை செய்யுங்கோ!"

சனிக்கிழமையும் அவர் செய்யவில்லை.

மயில்துத்தம் போட்டால் நத்தை சாகும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். மருதானையில் ஒரு கடையில் அது கிடைத்தது. நீல நிறக் கட்டிகளை இடித்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். நான் வெற்றியோடு பஸ்ஸில் ஏறினேன், இவரும் வழக்கம்போல என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தார். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் செக் பொயின்ற். பொலிஸ்காரன் ஒருவன் ஏறி, என் பையைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்தான். நீலத் தூளைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"மொகக்த மே?" இது என்ன என்று கேட்டான்.

நான் பயப்படவில்லை. எனக்கு அந்தச் சொல் தெரியும். மரக்கறிக் கடைக்காரன் கோவா இலையில் நத்தையைக் கண்டு கத்திச் சொன்னது, கொளு என்று ஏதோ தொடங்கும்.

"கொளுவோ மரண்ட, சேர்," என்றேன் தெளிவாக. "கெதர கொளுவோ கொடாக் இன்னவா." வீட்டில் நத்தை நிறைய இருக்கிறது, அதைக் கொல்லத்தான் என்று.

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் ஒரு மனுஷி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பொலிஸ்காரன் என்னைப் பார்த்தான். பிறகு என் பக்கத்தில், சத்தமில்லாமல், குனிந்த தலையோடு இருந்த என் மனுஷனைப் பார்த்தான்.

"மெயாவத?" என்று அவரைக் காட்டிக் கேட்டான்.

இவர் உன்னுடைய ஆளா என்று கேட்கிறான் என்று எனக்கு விளங்கியது. "ஒவ், ஒவ்," என்று பலமாகத் தலையாட்டினேன்.

அடுத்த நிமிஷம் இரண்டு துவக்குகள் எங்களைப் பார்த்து நின்றன. எங்களை இறக்கி, மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்பாட்டினார்கள். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. சார்ஜன்ட் ஒருவர் வந்து எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீடு எங்கே, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். வீட்டுக்காரர் மக்காவில். மகன் கண்டியில். இனி மகனுக்கு அறிவிப்பார்கள், வீட்டைக் கிண்டுவார்கள், அவன் அன்றைக்கே எங்கள் சாமானைத் தெருவில் வைப்பான். அறை போய்விட்டது.

இரண்டு விரலைத் தலையில் கொம்புபோல வைத்து, மெதுவாக ஊர்ந்து காட்டினேன். சார்ஜன்ட் பொலிஸ்காரனிடம் ஏதோ முணுமுணுத்தார். எனக்கு விசர் என்றிருப்பார்.

அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. முதலில் யாரோ வேறு ஆள் என்றுதான் நினைத்தேன்.

"கொளுவோ நெமெய், மஹத்தயா. கொளுபெல்லோ."

என் மனுஷன். குரல் நடுங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சொல்லிக்கொண்டே போனார். மீன் தொட்டி, செடி, முட்டை, மருதானைக் கடை. ஒரு இடத்தில்கூடத் தடக்கவில்லை. சார்ஜன்டின் வாய் கோணியது, பிறகு வயிறு குலுங்கியது, பிறகு அவர் மணல் மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

கொளுபெல்லோ என்றால்தான் நத்தைகளாம். கொளுவோ என்றால் ஊமையர்களாம். வீட்டில் ஊமையர் கூடிவிட்டார்கள், அவர்களைக் கொல்ல மருந்து கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இவரையா என்று கேட்டதற்கு ஓம், ஓம் என்றிருக்கிறேன்.

சிரித்தாலும் அவர்கள் விடவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்கள். சார்ஜன்ட் தொட்டியில் மூக்கை முட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடி முழுக்க ஊர்ந்த நத்தைகள் அன்றைக்கு எனக்குச் சாட்சி சொல்லின. அவர் மயில்துத்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அது நத்தையோடு மீனையும் செடியையும் சேர்த்துக் கொன்றிருக்கும் என்று பிறகுதான் அறிந்தேன். போகும்போது இவர் வாசல்வரை போய் அவரோடு நின்று கதைத்தார்.

அவர்கள் போனதும், "வாய் திறந்திட்டியளே," என்றேன்.

"உம்மட சிங்களத்தைக் கேட்டுக்கொண்டு செத்தவனாலகூட சும்மா இருக்க ஏலாது," என்றுவிட்டு முகம் கழுவப் போனார். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மருந்து போனால் என்ன, எனக்கு மூளை இருந்தது. கதிரையைப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மீன் தின்னாமல் விட்ட தீனி விழுகிற இடத்தில்தான் நத்தைகள் கும்பல் கும்பலாக நின்றன. ஆக, நான்தான் அத்தனைக்கும் பந்தி வைத்திருக்கிறேன்! தீனியை ஒரு சிட்டிகையாகக் குறைத்தேன். மீன்கள் வாயைத் திறந்து பார்த்தன. "போதும், போங்கோ" என்றேன். மாலையில் சலாது இலை ஒன்றைச் சுடுநீரில் வாட்டி, கல்லொன்றில் கட்டி அடியில் இறக்கினேன். விடிய இலையைத் தூக்கினால் இலையே தெரியவில்லை, அவ்வளவு நத்தை. சனிக்கிழமைகளில் காகத்துக்கு எள்ளுச்சோறு வைக்கிற அதே மதிலில் கொண்டுபோய் வைத்தேன். காகங்கள் சோற்றுக்கு அப்படி ஒருநாளும் வந்ததில்லை. கொன்றது நான் இல்லை என்று இவருக்கும் நிம்மதி.

ஒவ்வொரு விடியலும் இலையைத் தூக்கினேன். முதலில் இலை நிறைய, பிறகு பாதி, பிறகு விரல்விட்டு எண்ணலாம் போல. கபில இலைகள் புதிதாகக் குருத்து விட்டன. நான் ஒன்று நினைத்தால் நினைத்ததுதான்.

ஹாஜியாரும் ஹாஜியானியும் திரும்பி வந்தார்கள். றஸ்மியா ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தந்துவிட்டு நேரே தொட்டியடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அந்த நேரம் பார்த்து ஒரேயொரு நத்தை, சனியன், நடுக் கண்ணாடியில் ஏறி வந்தது.

"ஒண்டு ரெண்டு ஈந்தா பரவால்ல டீச்சர், பாசிய திங்கும்," என்றாள். "தொட்டி நல்லா ஈக்கிது."

அறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேத்தண்ணி குடித்தாள், மக்காவில் இருந்த சனத்தைப் பற்றிச் சொன்னாள், மகன் நாளைக்கு வருகிறான் என்றாள். என் கையில் பேரீச்சம்பழம் பிசுபிசுத்தது.

கதவைத் தட்டினார்கள். செக்கிங்.

மக்கீன் நானா பெருமூச்சோடு செருப்பைத் தேடினார். கால் வீங்கியிருந்தது. இவர் எழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

"நீங்கள் இருங்கோ நானா. நான் கதைக்கிறன்."

றஸ்மியா கோப்பையைக் கீழே வைத்தாள். வாசலில் இவர் கதைப்பது உள்ளே கேட்டது. அவள் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, "யார் டீச்சர் அது பேசறது?" என்றாள்.

"எங்கட ஆள்தான்."

வந்தது அதே சார்ஜன்ட். எட்டி என்னைப் பார்த்துவிட்டு, ஊமையரைக் கொல்கிற ரீச்சர் இவதானே என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு அதுகூட விளங்கியது.

"ஒவ்," என்றார் என் மனுஷன். "ஹபய் தவம மாவ மரலா நே."

ஓம், ஆனால் என்னை இன்னும் கொல்லவில்லை. வாசலில் சிரிப்பு வெடித்தது. இவரும் சிரித்தார், குருநாகலில் சிரித்த அதே சிரிப்பு. எண்பத்துமூன்றுக்குப் பிறகு அந்தப் பாஷையில் இவர் விட்ட முதல் பகிடி அது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன்.

றஸ்மியா வந்து என் கையைப் பிடித்தாள்.

"அழாதீங்க டீச்சர். இனி நானா ஓடி வரத் தேவல்ல தானே. கம்பனிக்கு அறை இல்லெண்டு மகன்ட நான் சொல்றன். நீங்க எங்கயும் போக வேணாம்."

அறைக்காக அழுகிறேன் என்று அவள் நினைத்தாள். நான் திருத்தவில்லை.