மூன்றாவது பெடல்

அந்தக் காரில் முப்பத்தோர் ஆண்டுகள் பக்கத்து இருக்கையில் மட்டுமே அமர்ந்து வந்த அண்ணி, கணவர் இறந்த ஏழாம் மாதத்தில் ஒரு காலைப்பொழுதில் பட்டறைக்கு வந்தார். மெக்கானிக் வேறொரு வண்டியின் அடியில் படுத்திருந்தார். இறந்தவரின் தம்பி அவர். அண்ணி தம் கைத்தடியால் அவருடைய செருப்பை இரண்டு முறை தட்டினார்.

"தம்பி, வெளியில வா. உங்க அண்ணன் வண்டிய நான் ஓட்டணும்."

மெக்கானிக் தலையை மட்டும் நீட்டினார். "அண்ணி, உங்க இடது கால்..."

"அது தூங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. அத எழுப்பச் சொல்லல. அது இல்லாமலே ஓடற மாதிரி வண்டிய மாத்துங்கறேன்."

"நான்தான் வாராவாரம் கூட்டிட்டுப் போறேனே?"

"ஏத்தற, இறக்கற. பார்சலுக்காவது மேல விலாசம் இருக்கும். எனக்கு அதுவும் இல்ல."

மெக்கானிக்கிற்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் அண்ணி சிரிக்கவில்லை. திருமணமான இரண்டாம் ஆண்டில் அண்ணன் அவருக்கு ஒரே ஒரு நாள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததை மெக்கானிக் அறிவார். நான்கு தெருக்கள் கூடும் முனையில், பேருந்து நிறுத்தத்திற்கு எதிரே, அண்ணி கிளட்ச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டார். கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துவிட்டது. பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்பின. அண்ணன் கோபிக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. "இறங்கு" என்ற ஒரே சொல்லைச் சொன்னார். அண்ணி இறங்கி, காரைச் சுற்றிவந்து, பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அதன்பின் ஒருநாளும் அவர் அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்ததில்லை.

வேலை ஐந்து வாரம் பிடித்தது. பழைய கியர் பெட்டியைக் கழற்றி இறக்கினார்கள். கிளட்ச்சை மிதிக்க இடக்காலே வேண்டாத புதிய தானியங்கிப் பெட்டி அதைவிடப் பருத்திருந்தமையால், காரின் நடுத்தரைத் தகட்டை வெட்டி மேடாக்க வேண்டியதாயிற்று. பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டை நான்கு விரற்கடை குறைத்தார்கள். பழைய எஞ்சினையும் புதிய பெட்டியையும் இணைக்கும் தடித்த வட்டத் தகட்டை லேத்காரர் கடைந்து கொடுத்தார். எதையும் மூன்று முறை அளக்காமல் தொடமாட்டார் என்பதால் அவரைப் பட்டறையில் எல்லோரும் 'மில்லிமீட்டர்' என்றே அழைத்தனர். அவரோ மெக்கானிக்கை 'டாக்டரே' என்று அழைத்துப் பழி தீர்த்துக்கொள்வார்.

எல்லாம் முடிந்தபோது மில்லிமீட்டர் காரினுள் குனிந்து பார்த்தார். "ஆக்சிலேட்டர் ஒண்ணு, பிரேக் ஒண்ணு. மூணாவதா இது எதுக்கு டாக்டரே?"

கிளட்ச் பெடலை மெக்கானிக் கழற்றியிருக்கவில்லை. அதன் கம்பியை மட்டும் அறுத்துவிட்டிருந்தார். எதனோடும் தொடர்பின்றி, ஒரு சுருள்வில்லின் பிடியில் பெடல் அப்படியே தொங்கியது.

"அண்ணன் கால் பட்டது. ரப்பர் தேஞ்சிருக்கு பாருங்க, அவர் பாதம் அப்படியே பதிஞ்ச மாதிரி. கழட்ட மனசு வரல."

"தடம் இருக்கலாம், தப்பில்ல. கால் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் மில்லிமீட்டர். சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு கையைத் துடைக்கலானார்.

மெக்கானிக் ஒரு வாரம் தாமே ஓட்டிப் பார்த்தார். மேட்டிலும் பள்ளத்திலும் நெரிசலிலும் கார் வெண்ணெயில் இறங்கும் கத்திபோல் கியர் மாறிச் சென்றது. நான்கு தெரு முனையிலும் ஒரு குறையுமில்லை. எட்டாம் நாள் அண்ணியை ஓட்டச் சொல்லித் தாம் பக்கத்தில் அமர்ந்தார்.

அந்த ஐந்து வாரமும் ஓட்டுநர் பள்ளியின் தானியங்கிக் காரில் பழகியிருந்த அண்ணி நன்றாகவே ஓட்டினார். செயலற்ற இடக்கால் ஓர் ஓரமாக மடங்கிக் கிடக்க, வலக்காலே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. முனை வந்தது. கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

"என்ன தம்பி இது?"

"தெரியல அண்ணி. இந்த மாதிரி பெட்டி இப்படி நிக்காது. நிக்கவே முடியாது."

பட்டறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் புதிய பெட்டியோடு மடிக்கணினியை இணைத்துப் பார்த்தார். கோளாறு ஏதும் பதிவாகியிருக்கவில்லை.

மறுநாள் மீண்டும் சென்றார்கள். இம்முறை மெக்கானிக் சாலையைப் பார்க்கவில்லை; கீழேயே கண் வைத்திருந்தார். முனைக்கு இருபது அடி இருக்கையில் மூன்றாவது பெடல் மெல்லத் தாழ்ந்தது. அதன்மேல் கால் இல்லை. அண்ணியின் இடக்கால் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. பெடல் தரையைத் தொட்டு ஒரு நொடி நின்றது. பிறகு சட்டென்று மேலே எழும்பியது. கார் குலுங்கி அணைந்தது. பின்னால் ஒலிகள் எழுந்தன.

பட்டறை வாசலில் கார் நின்றதும் மெக்கானிக் அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, என் மேலதான் தப்பு. இப்பவே அந்தப் பெடல அறுத்துடறேன். இல்லேன்னா பழைய பெட்டியையே திரும்ப மாட்டிடறேன்."

"நீயும் பாத்தியா?"

"நீங்க..."

"நேத்தே பாத்தேன். என் கால் செத்திருக்கு, கண் சாகல." அண்ணி திசைமாற்றி வளையத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "பழைய பெட்டிய மாட்டினா நான் திரும்பப் பார்சல். பெடல அறுத்தா பெடல்தான் போகும். உன் ரம்பம் எட்டற இடத்துலயா இருக்கார் அவர்?"

"அப்ப என்னதான் பண்றது?"

"வண்டிய எடுக்கறேன். ஏறறதுன்னா ஏறு."

மெக்கானிக் ஏறினார். மாலை நான்கு மணி. வெயில் இன்னும் தணியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தனர். முனை நெருங்கியது. பெடல் தாழ்ந்தது. எஞ்சினின் உறுமல் மட்டும் உயர்ந்தது. கார் இழுவையற்றுத் தளர்ந்து, முனையின் நடுவே நின்றது. பெடல் தரையோடு தரையாக அழுந்தியிருந்தது. யாரோ ஒருவர் அண்ணியின் தவற்றுக்காகக் காத்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

பின்னால் ஒருவன் ஒலியெழுப்பினான். பிறகு எல்லோரும் எழுப்பினார்கள்.

அண்ணி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தாமல், "இறங்குங்க" என்றார்.

மெக்கானிக்கின் கை தானாகவே கதவின் பிடிக்குச் சென்றது.

"நீ இல்ல தம்பி. நீ உக்காரு."

காரினுள் குளிர் பரவியது. மெக்கானிக் அசையவில்லை. அண்ணன் பருத்த உடம்புக்காரர். அவர் எடையில் ஒரு பக்கமாக அமுங்கிப்போன அந்த ஓட்டுநர் இருக்கையை மெக்கானிக் எத்தனையோ முறை சீர்செய்ய முயன்று கைவிட்டிருந்தார். இப்போது, அண்ணி இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகராமலிருக்க, அந்த இருக்கையின் சுருள்விற்கள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டு நிமிர்ந்தன. கார் முழுவதும் ஒரு விரற்கடை உயர்ந்தது. பெடல் எழத் தொடங்கியது, ஆனால் முன்புபோல் துள்ளிக்கொண்டு அல்ல. கிளட்ச்சை நன்கு விடத் தெரிந்த ஒருவர், உறங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதுபோல், இழையிழையாக விட்டார். கார் ஒரு சிறு அதிர்வுமின்றி நகர்ந்தது.

மெக்கானிக் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தார். நிறுத்தத்தில் நின்ற ஒருவர், யாருக்கோ வழிவிடுபவர்போலத் தம் பையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். அவர் எதிரே ஒருவரும் இல்லை. ஒதுங்கியவரும் தாம் ஏன் ஒதுங்கினோம் என்று விளங்காமல் இருபுறமும் பார்த்தார்.

"பின்னாடி பாக்காத தம்பி" என்றார் அண்ணி. "அவருக்கு வழி தெரியும்."

அடுத்த தெருவின் சிவப்பு விளக்கில் கார் நின்றது. அண்ணி இடக்கையால் தம் முழங்காலைத் தூக்கி, உணர்வற்ற அந்தக் காலை மூன்றாவது பெடலின்மேல் வைத்தார். பெடல் அதன் எடையில் தரைவரை தாழ்ந்தது.

விளக்கு பச்சையாயிற்று. கால் பெடலின்மேலேயே கிடந்தது. கார் புறப்பட்டது, சிறிது தூரத்தில் தானாகவே இரண்டாம் கியருக்கு மாறியது.

"நல்லா இருக்கு" என்றார் அண்ணி. "கால் வைக்க ஒரு இடமாச்சு."